மாலையீட்டு முனையில் ஜெயராணியும் பூமாரியும்

அந்த நாட்களில் மாலையீட்டு முனைக்குக் காலையில் போனால், வேப்பமரத்தடியில் இரண்டு மினி பஸ்கள் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். ஒன்று ஜெயராணி, மற்றது பூமாரி. இரண்டுக்கும் ஒரே ரூட்தான். மாலையீட்டில் கிளம்பி, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டைத் தொட்டு, கடைவீதி நெரிசலுக்குள் புகுந்து வெளியேறி, மச்சுவாடியில் போய்த் திரும்பும். காகிதத்தில் இரண்டு வண்டிக்கும் வேறு வேறு நேரம் குறித்திருந்தார்கள். அந்தக் காகிதத்தை யாரும் மதித்ததில்லை. இருக்கிற கூட்டத்தை எவன் முதலில் அள்ளுகிறானோ அவனுடையது என்பதுதான் முனையின் சட்டம்.

ஜெயராணியை ஓட்டியவர் ஜெபக்குமார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்தவர். கூடப் படித்தவர்கள் துபாய்க்கும் குவைத்துக்கும் பறந்தபோது, "எனக்கு ஸ்டீயரிங் போதும்" என்று புதுக்கோட்டைக்கு வந்துவிட்டவர். பூமாரியை ஓட்டியவர் பெரியகருப்பன். குடுமியான்மலைக்காரர். ஜெபக்குமாரைவிட நாலைந்து வயது மூத்தவர், ஒல்லியான ஆள், சத்தமாகப் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து வண்டிதான் சத்தம் போட்டது.

இரண்டு பேரும் இன்ஜினை அணைக்கமாட்டார்கள். அணைத்தால் 'வண்டி இப்போதைக்கு எடுக்கமாட்டான்' என்று ஜனங்கள் அடுத்த வண்டியில் ஏறிவிடுவார்கள். அதனால் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து உறும விடவேண்டும். வண்டியை ஒரு அடி முன்னால் நகர்த்தி, மறுபடி ஒரு அடி பின்னால் உருட்டவேண்டும். ஜெயராணியின் கண்டக்டர் ராசு படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "இந்தா எடுத்தாச்சு, எடுத்தாச்சு, பஸ் ஸ்டாண்ட் மச்சுவாடி ஏறுங்க" என்று கத்துவான். அதை நம்பி ஓடி வந்து ஏறியவர்கள் உள்ளே வியர்த்து வழிந்தபடி கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் பூமாரியும் அதே வித்தையைச் செய்துகொண்டிருக்கும். பின்னாலிருந்து கரும்புகை சுருள் சுருளாக எழும்பி வேப்பமரத்துக்குள் நுழையும்.

ஒருவர் கியர் போட்டால் மற்றவரும் போடுவார். அப்புறம் ரோட்டில் நடப்பதைச் சொல்லி மாளாது. ஸ்டாப்புக்கு ஸ்டாப் முந்துவதும், குறுக்கே வண்டியை விட்டு மறிப்பதும், கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பதுமாகப் போவார்கள். அதில் பயணிகளும் கட்சி கட்டினார்கள். ஜெயராணிக் கட்சிக்காரர்கள் பூமாரியில் காலை வைக்கமாட்டார்கள். மார்க்கெட்டுக்குக் கீரைக்கட்டு கொண்டுபோன முத்துமாரியம்மாள் ஜெயராணிக் கட்சி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "விடாத தம்பி, அமுக்கு, அமுக்கு" என்பார். முந்திவிட்டால் வண்டிக்குள் விசில் பறக்கும். ஆயுதபூஜைக்கு இரண்டு வண்டியிலும் வாழைமரமும் மாவிலையும் கலர்த்தாளும் கட்டி, எது அழகு என்று முனையே நின்று பார்க்கும். ஒரு வருஷம் பூமாரிக்கு முழுக்க சாமந்தி சாத்தினார்கள் என்று கேள்விப்பட்டு, ராசு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போய் அரளியும் கோழிக்கொண்டையுமாக வாங்கி வந்து ஜெயராணியை மூடிவிட்டான். முன் கண்ணாடியில் ரோடு தெரிய ஒரு சாண் இடம்தான் விட்டிருந்தான்.

இத்தனைக்கும் ஜெபக்குமாரும் பெரியகருப்பனும் நேருக்கு நேர் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. ஹாரன்தான் பேச்சு.

ஆரோக்கியம்மாள் பூமாரிக் கட்சி. அவள் கீழராஜவீதியில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். தினம் காலையில் மாலையீட்டில் வந்து நிற்பாள். ஜெயராணி எவ்வளவு உறுமினாலும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்ப் பூமாரியில் ஏறிக்கொள்வாள். ஜெபக்குமாருக்கு அது பெரிய மானப் பிரச்சினையாக இருந்தது. ராசுவை விட்டு விசாரிக்கச் சொன்னார். அவன் எப்படியோ கேட்டு வந்தான்.

"அண்ணே, நம்ம வண்டில பாட்டு காதக் கிழிக்குதாம். அந்த வண்டில மெதுவாப் போடுறாங்களாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்ணே. ஒங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல."

ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் ஜெபக்குமாரை அதிகம் வாட்டியது. அன்றிலிருந்து முனையில் நிற்கும்போது மட்டும் பாட்டைக் குறைத்து வைத்தார். பிரயோஜனமில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பூமாரி பஞ்சராகி வழியில் நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் ஆரோக்கியம்மாள் ஜெயராணியில் ஏறினாள். ஜெபக்குமார் டேப்பையே அணைத்துவிட்டார். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வண்டிக்குள் பாட்டில்லை. இறங்கும்போது அவள் டிரைவர் பக்கம் பார்த்து, "ஏங்க, ஒங்க வண்டில பாட்டு போடுவீங்கன்னு சொன்னாங்களே, போடலையா?" என்று கேட்டாள். ராசு சிரித்த சிரிப்பில் டிக்கெட் புத்தகம் கீழே விழுந்துவிட்டது.

மறுவருஷம் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. கோயிலிலிருந்து மாலையும் கழுத்துமாக வெளியே வந்தபோது, பூமாரி அந்த வழியே போனது. பெரியகருப்பன் வண்டியை நிறுத்தவில்லை. ஆனால் கோயில் மதில் தொடங்கிய இடத்திலிருந்து முடிகிற வரைக்கும் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அது வாழ்த்தா வம்பா என்று கல்யாண வீட்டில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஆரோக்கியம்மாள் மாலையீட்டு முனையிலேயே ஒரு சின்னக் கடை பிடித்து, தையல் மெஷின் போட்டாள். வேப்பமரத்துக்கு நேர் பின்னால் கடை. அங்கேதான் பஸ்கள் வந்து நிற்கும். ஒவ்வொரு டிரிப்புக்கும் புருஷனைப் பார்க்கலாம் என்பதுதான் அந்த இடத்தைப் பிடித்ததற்குக் காரணம். அவர் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே பக்கக் கண்ணாடியில் கடையைப் பார்ப்பார். அவள் மெஷினை மிதித்தபடி கண்ணாடியைப் பார்ப்பாள். அவரும் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டுதான் இருப்பார். பேச வேண்டியதெல்லாம் அதிலேயே முடிந்துவிடும். பிள்ளைகள் இரண்டும் அந்தக் கடையிலேயே துணிக்குவியலுக்குள் தூங்கி வளர்ந்தன. ஜெபக்குமாரின் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் அவர் அந்தப் பக்கக் கண்ணாடிக் காலத்தைத்தான் சொல்வார்.

வருஷங்கள் ஓடின. ஊர் பெருத்தது. முனையைத் தாண்டிப் புது நகர்கள் முளைத்தன. ஆனால் பஸ்ஸில் கூட்டம் ஏறவில்லை, குறைந்தது. எப்போது எடுப்பான் என்று தெரியாத வண்டியில் எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பார்கள்? ஆபீஸ் போகிறவர்கள் வண்டி வாங்கினார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் ஸ்கூட்டி வாங்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அப்பாமார்கள் பைக்கில் மூன்று பேராகக் கொண்டுபோய் விட்டார்கள். இடையில் ஷேர் ஆட்டோக்கள் வேறு வந்து, முனையில் பஸ் நிற்கிற இடத்தையே மறித்துக்கொண்டு படபடத்தன. கூட்டம் குறையக் குறைய ஜெயராணியும் பூமாரியும் கூடுதல் நேரம் நின்றன. கூடுதல் நேரம் நிற்க நிற்கக் கூடுதலாக உறுமின. வண்டிகளுக்கும் வயசாகிவிட்டது. புகை முன்னைப்போல் சுருள் சுருளாக எழும்பவில்லை, கம்பளி மாதிரி கனத்து விழுந்தது. வேப்பமரத்தின் ரோட்டுப் பக்கத்து இலைகள் பச்சையாக இருந்ததை யாரும் பார்த்து நாளாகிவிட்டது.

ஆரோக்கியம்மாளுக்கு இருமல் வந்தது. முதலில் துணிப்பஞ்சு என்று நினைத்தார்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு தைத்தாள். கஷாயம், மிளகு, பனங்கற்கண்டு என்று எல்லாம் பார்த்தாயிற்று. மாடிப்படி ஏறினால் நெஞ்சில் கை வைத்து நின்றாள். ஜெபக்குமார் கேட்டால், "ஒண்ணுமில்லங்க, பனி" என்பாள். சித்திரையில் கேட்டாலும் பனி என்றுதான் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் புதுநன்மைச் சட்டை ஒன்று தைக்க வந்தது. முதல்முறை நற்கருணை வாங்கப் போகிற ஒரு சிறுமிக்கு வெள்ளை சாட்டினில், கைக்குச் சல்லடைத் துணி வைத்து, கீழே மூன்று அடுக்குச் சுருக்கம் வைத்துத் தைக்கவேண்டும். அந்த மாதிரி வேலையில் ஆரோக்கியம்மாளுக்கு ஒரு தனி ஆசை. தைத்து முடித்துக் கடை முன்னால் ஹேங்கரில் மாட்டி வைத்தாள். மறுநாள் சிறுமியின் தாய் வந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா, வெள்ளத் துணிதானே குடுத்தேன்?" என்றாள்.

சுருக்கத்தின் மடிப்புகளுக்குள் கரி இறங்கியிருந்தது. துடைத்தால் இழுபட்டு இன்னும் பரவியது. ஆரோக்கியம்மாள் தன் காசில் துணி வாங்கி வந்து, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு புதுசாகத் தைத்தாள். தைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு இழுத்துக்கொண்டது. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அப்போதுதான் வண்டியை விட்டு வந்த ஜெபக்குமார் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்து, மூச்சு சீரானதும், டாக்டரம்மா கேள்வி கேட்டார். சின்ன வயசுக்காரர்தான். பொறுமையாகக் கேட்டார்.

"வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?"

"இல்லைங்க" என்றார் ஜெபக்குமார்.

"விறகு அடுப்பா?"

"கேஸுதாங்க. ரொம்ப வருஷமா."

"பக்கத்துல மில்லு, சூளை ஏதாவது?"

"ஒண்ணுமில்லைங்க."

"அப்ப பகல் முழுக்க எங்க இருப்பாங்க?"

ஜெபக்குமார் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். காக்கிச் சட்டையோடு நேராக வண்டியிலிருந்து வந்திருந்தார். சட்டையிலிருந்து டீசல் வாடை அடித்தது. டாக்டரம்மா அந்தச் சட்டையைப் பார்த்தார், அப்புறம் மருந்துச் சீட்டில் எழுதத் தொடங்கினார். கட்டிலில் கிடந்த ஆரோக்கியம்மாள் மாஸ்க்குக்குள்ளிருந்து, "பஸ் ஸ்டாப்புல கடைங்க" என்று சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து ஜெபக்குமார் வேலைக்குப் போனார். மாலையீட்டில் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார். பக்கத்தில் பூமாரி உறுமிக்கொண்டிருந்தது.

ராசு ஓடி வந்தான். "என்னண்ணே ஆச்சு? பேட்டரியா?"

"பேட்டரி நல்லாருக்கு."

"அப்ப ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே. ஆளெல்லாம் அங்கிட்டுப் போகுது பாருங்க."

"போகட்டும்."

உள்ளே இருந்தவர்களும் இறங்கிப் பூமாரியில் ஏறினார்கள். அன்று முழுக்க அப்படியே நடந்தது. ராசுவுக்கு அழுகை வராத குறை.

சாயங்காலம் முனைக்குச் சற்றுத் தள்ளியிருந்த தண்ணீர்த் தொட்டிக் குழாயடியில் பெரியகருப்பன் ரேடியேட்டருக்கு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெபக்குமார் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. அவருடைய மீசை நரைத்திருப்பதையே அப்போதுதான் பார்த்தார்.

"அண்ணே" என்றார்.

பெரியகருப்பன் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தார். "வீட்ல எப்படி இருக்காங்க?"

ஜெபக்குமார் கேட்டார். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கட ரெண்டு நாளாப் பூட்டிக் கெடக்கே. நானும் கண்ணாடியில பாக்குற ஆளுதானே, தம்பி."

ஜெபக்குமார் குழாய் மேடையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நடந்ததை எல்லாம் சொன்னார். சொல்லி முடித்ததும், "ஒங்களக் கொற சொல்ல வரலண்ணே. ரெண்டு வண்டிப் புகையும்தான். நான் அணைச்சிட்டேன். நீங்களும் முனையில நிக்கையில அணைச்சா நல்லாருக்கும். அதக் கேக்கத்தான் வந்தேன்" என்றார்.

பெரியகருப்பன் வாளியைத் தள்ளி வைத்தார். "நீ அணைச்சிட்டா நான் எதுக்குத் தம்பி உறுமணும்? ஒன்னய வச்சுத்தானே நான் உறுமுனேன்" என்றார். பிறகு, "எனக்குந்தான் காது பாதி போச்சு. வீட்ல டி.வி.ய நான் வச்சா பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வர்றான்" என்று சிரித்தார்.

அந்தக் குழாயடியில்தான் பேச்சு முடிந்தது. ஒரு வண்டி முனையில் நிற்கிறபோது மற்ற வண்டி வந்து பக்கத்தில் நிற்கக்கூடாது. முன்வண்டி குறித்த நேரத்துக்கு எடுத்துவிடவேண்டும், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும். நிற்கிற வரைக்கும் இன்ஜின் ஓடக்கூடாது. எந்த நேரம் என்று பார்த்தபோது, காகிதத்தில் முதலிலேயே குறித்துக் கொடுத்திருந்த நேரம்தான் சரியாக வந்தது. அதைக் கண்டு இருவரும் குழாயடியிலேயே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எழுந்து போகும்போது ஜெபக்குமார் கேட்டார். "அண்ணே, எங்க கல்யாணத்தன்னைக்குக் கோயில் முன்னாடி ஹாரன் அடிச்சீங்களே, அது எதுக்கு?"

"எங்க வண்டிப் புள்ளய நீ கூட்டிட்டுப் போயிட்டயே, அந்த வயித்தெரிச்சல்தான்" என்றார் பெரியகருப்பன்.

ஜெயராணியின் ஓனர் கண்ணுசாமிக்குச் சேதி போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் மோசமான ஆள் இல்லை. ஆனால் வண்டி காலியாகப் போவதை எந்த ஓனர் பொறுப்பார்? ஷெட்டுக்கு வந்து சத்தம் போட்டார்.

"டீசல் நான் போடுறேன். ஒனக்கு எதுக்கு ஜெபா வலிக்குது? ஒப்பந்தம் போட ஒன்னய யாரு கேட்டா?"

"ஓனர், நேரத்துக்கு எடுத்தா ஆளு வரும். கொஞ்ச நாளு பொறுங்க."

"எத்தன நாளு? வண்டிய வித்துட்டு மீமிசல்ல மீன் ஏலம் எடுக்கப் போகவா?"

ஜெபக்குமார் இறங்கி வரவில்லை. கண்ணுசாமி அரவிந்த்குமார் என்ற புது டிரைவரை வண்டியில் போட்டார். ஜெபக்குமார் வீட்டில் உட்கார்ந்தார்.

வீட்டில் எத்தனை நேரம் உட்காருவது? கடையைத் திறந்து வைத்து, ஆரோக்கியம்மாளுக்குத் துணையாக அவரும் முனைக்கு வந்தார். அவளை உள்ளே தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, ரோட்டுப் பக்கத்து ஸ்டூலில் தான் உட்கார்ந்தார். அன்றுதான் அவர் முதல்முறையாக ஜெயராணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். இத்தனை வருஷமும் அவருக்கு அந்த வண்டியின் முன்பக்கம்தான் தெரியும். அரவிந்த்குமார் புது ஆள் என்பதால் ரோஷமாக மிதித்தான். புகை நேராகக் கடை வாசலுக்குள் வந்தது. கண் எரிந்தது. நாக்கில் ஏதோ உலோகம் சப்பினாற்போல் இருந்தது. மத்தியானத்துக்குள் தலை கனத்துவிட்டது. சாயங்காலம் முகத்தைத் துடைத்த துண்டை விரித்துப் பார்த்துவிட்டு, அவர் ரொம்ப நேரம் அதை மடிக்கவே இல்லை.

"இதுலயா உக்காந்திருந்த இத்தன வருஷமும்?" என்று கேட்டார்.

"நீங்க கண்ணாடியில பாப்பீங்கள்ல" என்றாள் ஆரோக்கியம்மாள்.

பெரியகருப்பன் மட்டும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. முனையில் ஜெயராணி நின்றால், பூமாரியைத் தூரத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு, கீழே இறங்கி நின்று வெற்றிலை போடுவார். போட்டிக்கு ஆளில்லாமல் அரவிந்த்குமார் தனியாக உறுமிக்கொண்டிருந்தான். ஜனங்கள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சில நாளில் அவனுக்கே கூச்சமாகிவிட்டது. பூமாரி மட்டும் சொன்ன நேரத்துக்கு நிற்கிறது, சொன்ன நேரத்துக்கு எடுக்கிறது என்று பேச்சுப் பரவியது. நேரம் பார்த்து வந்து ஏறத் தொடங்கினார்கள். மாதக் கடைசியில் பூமாரியின் ஓனர் ரகுநாத் சந்தோஷமாகத் திரிகிறார் என்றதும், கண்ணுசாமி தையல் கடைக்கே வந்துவிட்டார். உள்ளே வராமல் மரத்தடியில் நின்றபடி, "என்னப்பா, கோவமா? நாளைக்கு வண்டிய எடு. ஒன் இஷ்டப்படி அணைச்சுக்க" என்றார். ஆரோக்கியம்மாள் அவருக்கு மோர் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. கூட்டம் மெதுவாகத்தான் திரும்பியது. முதலில் ஸ்கூல் பிள்ளைகள் வந்தார்கள். பின் பெட்ரோல் விலைக்குப் பயந்தவர்கள் வந்தார்கள். வீட்டில் இரண்டு வண்டி வைத்திருந்தவர்கள் ஒன்றை விற்றார்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் அதிகாரிகள் ஓனர்களையும் டிரைவர்களையும் கூட்டி வைத்துப் பேசி, டவுனில் ஓடுகிற மினி பஸ்களுக்கெல்லாம் நேரத்தைப் பிரித்து வைத்தார்கள். ஒரு வண்டி வாலில் இன்னொரு வண்டி ஓடாதபடி செய்தார்கள். ஷேர் ஆட்டோக்களுக்குத் தனி இடம் காட்டினார்கள். நிறுத்தத்தில் இன்ஜினை அணைக்கவேண்டும் என்று போர்டு வைத்தார்கள். குழாயடிப் பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று ஜெபக்குமாருக்குத் தெரியாது. அவர் கேட்கவுமில்லை. மாலையீட்டு முனையில் மட்டும் ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தபோது, வேப்பமரத்தின் ரோட்டுப் பக்கத்துக் கிளையும் மற்றப் பக்கத்தைப் போலவே துளிர்த்திருந்தது. அந்தப் பங்குனியில் பூ உதிர்ந்தபோது வாசம் கடை வரைக்கும் வந்தது. இத்தனை வருஷமாக அந்த மரம் பூக்கிறது என்பதையே அவர்கள் கவனித்ததில்லை.

ஆரோக்கியம்மாளின் மூச்சு முழுக்கச் சரியாகவில்லை. போனது போனதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு நடுவே உறிஞ்சுகிற மருந்து எப்போதும் கிடக்கும். ஆனால் முன்போல் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து விடியவேண்டியதில்லை. மாடிப்படியில் நிற்காமல் ஏறுகிறாள். வெள்ளைத் துணி வந்தால் கடை முன்னாலேயே மாட்டுகிறாள்.

ஜெபக்குமாருக்கு ஒரு குறை மட்டும் உண்டு. வெளியே சொல்லமாட்டார். வண்டி ஓட்டுவது இப்போது லேசாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் யாரும் துரத்தி வரவில்லை. பயணிகள் ஏறுகிறார்கள், காதில் எதையோ செருகிக்கொண்டு போனைப் பார்க்கிறார்கள், இறங்குகிறார்கள். யாரும் எந்தக் கட்சியும் இல்லை. முத்துமாரியம்மாள் காலமாகி வருஷமாகிவிட்டது. சில நாள் வெறும் ரோட்டில் வண்டி தானாகவே வேகமெடுக்கப் பார்க்கும். காலை எடுத்துவிடுவார். ஒருமுறை ராசுவிடம் மட்டும், "அந்த மாதிரி இனிமே ஒரு நாளு வருமாடா?" என்று கேட்டார். ராசுவும் நரைத்துவிட்டான். "வரவேணாம்ணே. ஆனா நல்லாத்தான் இருந்துச்சு" என்றான்.

சென்ற வருஷம் பெரியகருப்பன் வேலையை விட்டார். கண் சரியில்லை, காதும் சரியில்லை. பேரப்பிள்ளைகளோடு ஊரில் இருக்கப்போகிறேன் என்றார். அவருடைய கடைசி டிரிப் அன்று ஜெபக்குமார் லீவு போட்டுவிட்டு, நல்ல வேட்டி சட்டையில் ஆரோக்கியம்மாளைக் கூட்டிக்கொண்டு மாலையீட்டு முனைக்கு வந்தார். பூமாரியில் ஏறினார். ஏறும்போதுதான் ராசுவுக்குப் பொறி தட்டியது.

"அண்ணே, நீங்க இந்த வண்டில ஏறுனதே இல்லல்ல!" என்று தொட்டிப் பக்கம் நின்ற ஜெயராணியின் படிக்கட்டிலிருந்து கத்தினான்.

உண்மைதான். ஒரு நாளும் ஏறியதில்லை. ஆரோக்கியம்மாள் பழக்கப்பட்டவள்போல் ஜன்னல் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஜெபக்குமார் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காரு தம்பி, எடமிருக்கு" என்றார் பெரியகருப்பன் கண்ணாடியில் பார்த்து.

"நிக்கிறேண்ணே."

நேரத்துக்கு வண்டி கிளம்பியது. பெரியகருப்பன் அன்று ரொம்ப நிதானமாக ஓட்டினார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தெரிந்தவர்கள் கைகாட்டினார்கள். பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் ஒரு சால்வை கொண்டுவந்து ஜன்னல் வழியாகவே தோளில் போட்டார். கடைவீதியில் நெரிசல் வந்தபோது ஜெபக்குமார் தன்னை அறியாமல் குனிந்து, "எடப்பக்கம் வழி கெடக்குண்ணே" என்றார்.

"தெரியும். ஒனக்கு அந்த வழிதான் எப்பவும் கண்ணுல படும்" என்றார் பெரியகருப்பன். ஆனால் அந்தப் பக்கம் திருப்பவில்லை. முன்னால் போன சைக்கிள்காரர் ஒதுங்குகிறவரைக்கும் காத்திருந்தார்.

மச்சுவாடியில் எல்லோரும் இறங்கிய பிறகும் மூன்று பேரும் வண்டிக்குள்ளேயே இருந்தார்கள். பெரியகருப்பன் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சால்வையைக் கழற்றி மடித்தார். வெளியே யாரோ ஒரு தகப்பன் பிள்ளைக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ஊருக்கு எப்பண்ணே?" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"நாளைக்குப் போறேம்மா. கடலை போட்டிருக்கு, எடுக்கணும். ரெண்டு பேரும் ஒரு ஞாயித்துக்கிழம வாங்க. கோயிலப் பாத்துட்டு, சாப்ட்டுட்டு வரலாம்."

"வாரோம்ணே. ஒங்க ஊருக்குப் பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டார் ஜெபக்குமார்.

பெரியகருப்பன் நேரத்தைச் சொன்னார். பிறகு புது டிரைவர் வந்து வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, சீட்டைத் தட்டிவிட்டு எழுந்து, சாவியை அவனிடம் கொடுத்தார்.